உப்பும் வெயிலும்: பழைய முறையில் படம் போட்டுப் பார்த்த ஒரு நாள்

நண்பனுடைய அப்பா தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். கலர் லேப்கள் வந்த பிறகு கடையை மூடிவிட்டார். டார்க் ரூமில் இருந்த தட்டுகள், அளவுக் குடுவைகள், கண்ணாடி போட்ட ஒரு மரச் சட்டம், நெகட்டிவ் நிறைந்த இரண்டு டின் பெட்டிகள் எல்லாம் வீட்டுப் பரணில் அப்படியே இருக்கின்றன. போன கோடையில் நண்பன் போன் செய்தான். "பரணைச் சுத்தம் பண்றோம், நீ வாடா. ஒரு நாள் முழுக்க பழைய முறையில படம் போட்டுப் பாக்கலாம்." எந்தெந்த மருந்து வேண்டும் என்று பட்டியலும் அனுப்பினான். லேபுக்கு ரசாயனம் விற்கும் கடையில் அவற்றை வாங்கிக்கொண்டு காலையில் முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன்.

அந்த ஒரு நாளில் நாங்கள் செய்ததை வைத்து, புகைப்படம் என்பது அடிப்படையில் என்ன என்பதை இங்கே சொல்லப் பார்க்கிறேன். வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் வெயில், கொஞ்சம் உப்பு, நிறையத் தண்ணீர் இருந்தால் போதும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளி பட்டால் நிறம் மாறுகிற பொருள்கள் நம்மைச் சுற்றி ஏராளம். ஜன்னல் ஓரத்துத் திரைச்சீலை வெளுக்கிறது. வெயிலில் செருப்போடு அலைந்தால் கால் கறுத்து, வார் இருந்த இடம் மட்டும் பட்டையாக வெளுப்பாகத் தெரிகிறது. அந்தப் பட்டையும் ஒரு படம்தான். செருப்பு வார் ஒளியை மறைத்தது, மறைத்த இடம் பதிந்துவிட்டது. ஆக, ஒளி தடம் பதிப்பது ஒன்றும் பெரிய அதிசயம் இல்லை. பதிந்த தடம் மேலும் மாறாமல் 'போதும், நில்' என்று நிறுத்துவதுதான் கஷ்டம். பழைய புகைப்படக்காரர்கள் பாதி ஆயுளை அந்த நிறுத்தும் வேலையில்தான் செலவழித்தார்கள். அந்த வேலையைக் கையால் செய்து பார்த்த பிறகு, எந்தப் பழைய படத்தையும் நான் முன்பு போலப் பார்க்க முடிவதில்லை.

அறையே கேமரா

மருந்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு அறையை இருட்டாக்கினோம். ஜன்னல்களை அட்டையால் அடைத்து, விளிம்புகளில் கறுப்புத் துணியைச் செருகினோம். தெருப் பக்கத்து ஜன்னல் அட்டையில் மட்டும் ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னதாக ஒரு ஓட்டை. கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் ஆனது. அப்புறம் எதிர்ச் சுவரில் தெரு வந்து நின்றது, தலைகீழாக. தென்னை மரம் மேலிருந்து கீழே தொங்கியது. எதிர் வீட்டுக் கொடியில் காய்ந்த புடவை காற்றில் அசைந்தபோது சுவரிலும் அசைந்தது, அதே சிவப்பு நிறத்தில்.

காரணம் சுலபமானது. ஒளி நேர்கோட்டில் போகும். தென்னையின் உச்சியிலிருந்து கிளம்பும் ஒளி ஓட்டை வழியாகச் சாய்வாக இறங்கிச் சுவரின் கீழ்ப்பக்கம் விழுகிறது. அடிமரத்திலிருந்து வருவது மேல்நோக்கிப் போய் மேலே விழுகிறது. அதனால்தான் தலைகீழ். ஓட்டை சின்னதாக இருந்தால் படம் தெளிவாக இருக்கும், ஆனால் வெளிச்சம் குறையும். பெரிதானால் வெளிச்சம் கூடும், தெளிவு குறையும். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 'கேமரா' என்ற லத்தீன் சொல்லுக்கே அறை என்றுதான் பொருள்.

ஆக, படத்தை உண்டாக்கும் கருவி பல நூற்றாண்டுகளாகவே இருந்தது. ஓவியர்கள் சுவரில் விழுந்த படத்தின் மேல் காகிதம் வைத்துக் கோடு இழுத்தார்கள். கை இல்லாமல், அந்த ஒளியே தன்னை வரைந்துகொள்ள ஒரு காகிதம்தான் கிடைக்கவில்லை.

நீலம்

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் முறை சயனோடைப். தமிழில் நீலப் படம் என்று சொன்னால் வேறு அர்த்தம் வந்துவிடும், அதனால் நீல அச்சு என்றே சொல்கிறேன். கட்டட வரைபடத்தை இன்றும் 'ப்ளூ பிரிண்ட்' என்கிறோம் அல்லவா? அந்தப் பெயர் வந்தது இந்த முறையிலிருந்துதான். வரைபடங்களை நகல் எடுக்க எஞ்சினியர்கள் இதை வெகுகாலம் பயன்படுத்தினார்கள். நீலத் தாளில் வெள்ளைக் கோடு.

1842இல் இதைக் கண்டுபிடித்தவர் ஜான் ஹெர்ஷல், இங்கிலாந்தின் வானியல் அறிஞர். இதற்கு வெள்ளி வேண்டாம், இரும்பே போதும். அதனால் செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு. இரண்டு மருந்துகள்: பச்சை நிற ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், சிவப்புப் படிகங்களாக இருக்கும் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. முதலாவதில் 25 கிராமை 100 மில்லி தண்ணீரிலும், இரண்டாவதில் 10 கிராமை இன்னொரு 100 மில்லியிலும் தனித்தனியாகக் கரைத்தோம். தேவைப்படும் நேரத்தில் இரண்டையும் சம அளவில் கலந்தால் போதும். சயனைடு என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இதில் அது இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் அந்தக் கொடிய விஷம் போல வேலை செய்யாது. ஆனால் இதைச் சூடாக்கக் கூடாது, கடுமையான அமிலத்தோடு சேர்க்கக் கூடாது. கையுறை அவசியம்.

கலவை பார்ப்பதற்கு மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்தில் கெட்டியான ட்ராயிங் காகிதத்தில் பிரஷ்ஷால் பூசி, இருட்டில் காயவைத்தோம். "சிவப்பு பல்ப் வேண்டாமா?" என்று கேட்டேன். நண்பனின் அப்பாதான் பதில் சொன்னார்: "இதுக்கு வேண்டாம் தம்பி. இது வெயிலுக்கு மட்டும்தான் அசையும். எங்க பேப்பர் குண்டு பல்புக்கே கறுத்துப்போயிடும், அதான் நாங்க சிவப்பு போட்டோம்." அவர் சொன்னதில் ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

காய்ந்த காகிதத்தின் மேல் ஒரு முருங்கை ஈர்க்கை வைத்தோம். மேலே கண்ணாடி வைத்து அழுத்தி, மொட்டைமாடிக்கு எடுத்துப்போனோம். மணி பத்தரை. மஞ்சளாக இருந்த காகிதம் ஒரு நிமிடத்தில் பச்சையானது, பிறகு நீலம் கலந்த பச்சை, அப்புறம் பித்தளை மங்கினாற்போல் ஒரு சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் வரும் வரை காத்திருக்க வேண்டும். அன்றைய வெயிலுக்கு எட்டு நிமிடம் போதுமானதாக இருந்தது. மேகம் வந்தால் அரை மணி நேரம்கூட ஆகலாம்.

உள்ளே நடப்பது இதுதான். இரும்பு இரண்டு நிலைகளில் இருக்கும், ஃபெரிக், ஃபெரஸ். நாம் பூசியதில் இருப்பது ஃபெரிக். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் மட்டும் அது ஃபெரஸ் ஆகிறது. ஃபெரஸ் ஆனதும் பக்கத்தில் இருக்கும் ஃபெரிசயனைடோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத ஆழ்ந்த நீலமாகிவிடுகிறது. இலை மறைத்த இடத்தில் எதுவும் நடக்கவில்லை, அங்கே மருந்து பழையபடி கரையக்கூடிய நிலையிலேயே இருக்கிறது. அதனால் காகிதத்தைத் தண்ணீரில் போட்டால் மாறாத மருந்து கரைந்து ஓடிவிடும், மாறியது நிற்கும். நிறுத்தும் வேலை இங்கே வெறும் தண்ணீரால் முடிந்துவிடுகிறது. இதனால்தான் இதை முதலில் செய்து பார்க்கச் சொல்கிறேன். ஒளி பட்டது கரையாது, படாதது கரையும். இந்த ஒரு வரி மனத்தில் நின்றால் பாதிப் புகைப்படவியல் புரிந்த மாதிரி.

தட்டில் தண்ணீர் ஊற்றிக் காகிதத்தைப் போட்டதும் மஞ்சள் புகை போலக் கிளம்பியது. இலைகள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழுந்து வந்தன. முருங்கை இலையின் காம்பு, அந்தக் காம்பின் கிளை, கிளையின் கிளை என எல்லாம் தெரிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டோம்.

ஆனால் பத்து நிமிடத்தில் நீலம் வெளுக்கத் தொடங்கியது. முதல் காகிதம் ஏறக்குறைய சாம்பல் நீலமாகிப் போனது. காரணம் போர் தண்ணீர். அந்தப் பகுதித் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை கொண்டது, இந்த நீலத்துக்குக் காரம் ஆகாது. நண்பன் அம்மாவிடம் அரை எலுமிச்சம்பழம் வாங்கிவந்து அடுத்த தட்டுத் தண்ணீரில் சில சொட்டுகள் பிழிந்தான். இரண்டாவது காகிதம் அழகாக நின்றது. வெளியூர்க் குறிப்புகளைப் பார்த்து 'குழாயில் கழுவுங்கள்' என்று செய்கிறவர்கள் நம் ஊரில் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இலைகளை இப்படிக் காகிதத்தில் வைத்துப் படம் போட்டதில் முன்னோடி ஒரு பெண், அன்னா அட்கின்ஸ். கடற்பாசிகளைச் சேகரித்த தாவரவியலாளர். ஹெர்ஷல் இந்த முறையை வெளியிட்ட மறு ஆண்டே, 1843இல், கடற்பாசிகளை நீல அச்சில் பதித்து ஒரு புத்தகத்தைப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். புகைப்படங்களால் ஆன முதல் புத்தகமாகப் பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். அதில் எழுத்துகளும் அவர் கையால் எழுதி நீல அச்சாகவே பதித்தவை. முடிக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு பிரதியின் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக வெயிலில் வைத்து, கழுவி, காயவைத்தது. இங்கிலாந்து வெயிலில்! ஒரு முருங்கை ஈர்க்குக்கே நாங்கள் இத்தனை பாடுபட்ட பிறகு, அந்தப் பொறுமையை நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது.

உப்பு

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளிக்குப் போனோம். இது கொஞ்சம் விலை கூடியது. 5 கிராம் சில்வர் நைட்ரேட் மட்டும் வாங்கியிருந்தேன்.

இந்தப் பொருள் நம் எல்லோருக்கும் பழக்கமானது. தேர்தலில் விரலில் வைக்கிறார்களே அந்த மை, அதில் இருப்பது இதுதான். தோலில் இருக்கும் உப்போடு சேர்ந்து சில்வர் குளோரைடாகி, வெளிச்சம் பட்டுக் கறுத்து, நாள்கணக்கில் போகாமல் நிற்கிறது. மைசூரில் உள்ள அரசு நிறுவனம் ஒன்று 1962 தேர்தல் முதல் இந்த மையைத் தயாரிக்கிறது. ஓட்டுப் போட்ட ஒவ்வொருவரும் தங்கள் விரலில் ஒரு உப்புப் படம் போட்டுக்கொண்டு வந்தவர்கள்தான்.

முறையும் அதே. 20 கிராம் கல் உப்பை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, காகிதத்தை அதில் நனைத்துக் காயவைக்க வேண்டும். பிறகு மங்கிய வெளிச்சத்தில் சில்வர் நைட்ரேட் கரைசலைப் பூச வேண்டும். உப்பும் வெள்ளியும் காகிதத்துக்குள்ளேயே சந்தித்து சில்வர் குளோரைடு ஆகும். 5 கிராமை நாங்கள் 40 மில்லி தண்ணீரில் கரைத்தோம். முதலில் மாதிரிக்கு ஒரு சொட்டைப் போர் தண்ணீரில் விட்டதும் பால் போலத் திரிந்தது. தண்ணீரில் இருந்த உப்பே வெள்ளியைப் பிடித்துக்கொண்டது. அப்பா சிரித்துக்கொண்டே பெட்ரோல் பங்க்குக்கு ஆள் அனுப்பி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிவரச் சொன்னார். ஸ்டூடியோ காலத்திலிருந்தே அவர் அதைத்தான் பயன்படுத்தினாராம். கையுறையோடு கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். இது கண்ணில் பட்டால் பார்வைக்கே கெடுதல், அதில் விளையாட்டே கூடாது.

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1802இல் இங்கிலாந்தில் தாமஸ் வெட்ஜ்வுட் என்பவர் சில்வர் நைட்ரேட் பூசிய காகிதத்திலும் தோலிலும் இலை, பூச்சிச் சிறகு, கண்ணாடி ஓவியம் ஆகியவற்றின் உருவங்களைப் பதித்தார். படம் வந்தது. நிறுத்தத் தெரியவில்லை. வெளிச்சத்தில் பார்த்தால் முழுக்கக் கறுத்துவிடும், அதனால் மெழுகுவத்தி ஒளியில் மறைத்து மறைத்துத்தான் பார்க்க முடிந்தது. பார்க்கப் பார்க்க அழிந்துபோகிற படம். அவர் கையில் இருந்தது எல்லாம் சரி, கடைசிப் படி ஒன்றுதான் இல்லை.

அடுத்தவர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். 1833இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் காட்சியை வரைய முயன்று, கை வராமல், இந்தக் காட்சி தானே காகிதத்தில் பதிந்தால் என்ன என்று யோசித்தவர். ஊருக்குத் திரும்பி உப்பையும் வெள்ளியையும் வைத்துச் சோதித்தபோது ஒன்றைக் கவனித்தார். உப்பு குறைவாக இருந்தால் காகிதம் வேகமாகக் கறுக்கிறது, உப்பு மிகுந்தால் கறுக்கவே மறுக்கிறது. அப்படியானால் குறைந்த உப்பில் படம் பதித்து, பிறகு நிறைய உப்பில் முக்கிவிட்டால்? படம் ஓரளவு நின்றது! படம் பதியவும் உப்பு, நிறுத்தவும் உப்பு. 1835 ஆகஸ்டில் லேகாக் அபே என்ற தன் வீட்டில் ஒரு ஜன்னலை இப்படிப் பதித்தார். தபால்தலை அளவுதான் இருக்கும். இன்று நம்மிடம் உள்ள நெகட்டிவ்களில் மிகப் பழையது அது. வீட்டைச் சுற்றி அவர் வைத்துவிட்டுப் போன சின்ன மரப்பெட்டிக் கேமராக்களை அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் எலிப்பொறிகள் என்று சொல்வாராம்.

ஆனால் உப்பு முழுமையான விடை இல்லை. முழு விடை வேறொருவரின் குறிப்பேட்டில் இருபது ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நீல அச்சைப் பிற்பாடு கண்டுபிடித்த அதே ஹெர்ஷல், 1819இலேயே ஹைப்போ என்ற பொருள் வெள்ளி உப்புகளைக் கரைத்துவிடும் என்று கண்டு எழுதியிருந்தார். படத்துக்காக அல்ல, வேதியியல் ஆர்வத்தில். 1839 ஜனவரியில் பாரிஸில் டாகேர் என்பவர் படம் பிடித்துவிட்டாராம் என்ற செய்தி வந்ததும், எப்படிப் பிடித்தார் என்ற விவரம் தெரியாமலேயே, ஹெர்ஷல் பழைய குறிப்பை நினைவுபடுத்திச் சில நாள்களில் ஹைப்போவால் படத்தை நிறுத்திக் காட்டினார். ஒளி பட்ட இடத்தில் வெள்ளி தனி உலோகத் துகளாகிவிடும், அதை ஹைப்போ தொடாது. ஒளி படாத சில்வர் குளோரைடைக் கரைத்து வெளியேற்றிவிடும். கறுப்பதற்கு இனி எதுவும் மீதி இல்லை. டால்பட்டுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தார், காப்புரிமை எதுவும் கேட்கவில்லை. நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற சொற்களைப் படங்களுக்குப் பழக்கியவரும் அவரே. அதற்குப் பிறகு 150 ஆண்டுகள் உலகத்தின் எல்லா டார்க் ரூம்களிலும் ஹைப்போ இருந்தது. நண்பனின் அப்பா கடையிலும் இருந்தது.

டாகேரின் முறை வேறு. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் அயோடின் ஆவி காட்டி, படம் பிடித்து, பாதரச ஆவியில் வெளிக்கொண்டுவருவது. நுணுக்கத்தில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் ஒரு தகட்டுக்கு ஒரே படம், நகல் கிடையாது. பாதரச ஆவி நச்சு என்பதால் வீட்டில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள். 1851இல் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறையையும் நாங்கள் தொடவில்லை. கண்ணாடியில் பிசின் போன்ற திரவத்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் பிடித்துக் கழுவ வேண்டும். அதில் ஈதர் இருக்கிறது, எளிதில் தீப்பற்றும். தெரிந்தவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தால்தான் செய்ய வேண்டும்.

மாசிக்காயும் பெரிய கோயிலும்

உப்புக் காகிதம் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் அப்பா ஒரு கேள்வி கேட்டார். "இது கண்ணெதிர்லயே கறுக்குது, சரி. எங்க பிலிம்ல எதுவுமே தெரியாதே, டெவலப்பர்ல போட்டாத்தானே வரும். அது எப்ப வந்துச்சு?"

நல்ல கேள்வி. டால்பட் 1840 செப்டம்பரில் அதைக் கண்டுபிடித்தார். கொஞ்ச நேரமே ஒளி பட்ட காகிதத்தில் எதுவும் தெரியாவிட்டாலும் உள்ளே ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. காலிக் அமிலமும் வெள்ளியும் கலந்த கரைசலைப் பூசினால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத படம் மேலெழுந்து வருகிறது. மணிக்கணக்கான காத்திருப்பு நிமிடக் கணக்காகக் குறைந்தது. இதற்குக் கலோடைப் என்று பெயர் வைத்து 1841இல் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலிக் அமிலத்தை எதிலிருந்து எடுத்தார்கள் தெரியுமா? ஓக் மரத்தில் பூச்சிகளால் உண்டாகும் காய் போன்ற வீக்கத்திலிருந்து. அதுதான் நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மாசிக்காய், குழந்தைக்கு உரை மருந்தில் இழைப்பது. இதைக் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து ஒரு மாசிக்காயைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இந்தக் காகித நெகட்டிவ் முறை எங்களுக்கு மிக அருகில் வந்த கதை ஒன்று உண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியை மதராஸ் அரசு தன் புகைப்படக்காரராக அமர்த்தியது. 1857 கடைசியில் கிளம்பிய அவர் அடுத்த சில மாதங்களில் ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அவருடைய நெகட்டிவ்கள் பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகிதம், ஒவ்வொன்றும் ஒரு அடிக்கு மேல் நீளம். வெயில் காலத்தில் இவற்றைக் கெடாமல் காப்பதே பெரும்பாடு.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த ஒரு காரியம் என்னை உலுக்கியது. விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை வரிசையாக 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். இன்று போனை இடமிருந்து வலமாக நகர்த்தி எடுக்கிற பனோரமாவை 1858இல் காகிதத்தில் செய்திருக்கிறார். கோயிலைக் கட்டியது யார் என்பதே அன்று பலருக்கும் குழப்பமாக இருந்தது. அந்தக் கல்வெட்டுகளைக் கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் படித்து, கட்டியவன் முதலாம் ராஜராஜன்தான் என்று உறுதிசெய்ததெல்லாம் அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். செலவைக் காரணம் காட்டிச் சில ஆண்டுகளிலேயே அரசு டிரைப்பின் வேலையை நிறுத்திவிட்டது. எனக்கு அது இன்றும் வருத்தம்தான். இன்னும் பத்து ஆண்டுகள் அவரை விட்டிருந்தால் எத்தனை கோயில்கள் பதிவாகியிருக்கும்!

அவர் காலத்துப் படங்களில் பெரும்பாலும் வானம் வெறும் வெள்ளையாக, ஒரு மேகம்கூட இல்லாமல் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அப்பா காலையில் சொன்ன சிவப்பு பல்ப் விஷயம் இங்கே வருகிறது. வெள்ளி உப்புகள் இயல்பாக நீலத்தையும் புற ஊதாவையும் மட்டுமே உணரும், சிவப்பு அவற்றுக்கு இருட்டு. நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து வெளுத்துவிடும். சிவப்புப் பொருள் கறுப்பாக விழும், நெற்றிக் குங்குமம் கரும்பொட்டாகத் தெரியும். டார்க் ரூமில் சிவப்பு விளக்கு எரிந்ததும் இதனால்தான். நாம் பார்க்கலாம், காகிதம் பார்க்காது.

மூன்றரை மணிக்கு உப்புக் காகிதத்தை எடுத்தோம். எந்த நெகட்டிவை வைப்பது? என் போனில் இருந்த ஒரு படத்தை நிறம் தலைகீழாக்கி, ஜெராக்ஸ் கடையில் கண்ணாடித் தாளில் எடுத்து வந்திருந்தேன். இப்படியும் செய்யலாம், நன்றாகவே வரும். ஆனால் அப்பா டின் பெட்டியிலிருந்து ஒரு பழைய நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நீட்டினார். "அப்பாயி," என்றான் நண்பன். அவனுடைய அப்பாவின் அம்மா, திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். ஆறு சென்டிமீட்டர் சதுரம். இந்த முறையில் நெகட்டிவ் எந்த அளவோ படமும் அதே அளவுதான், பெரிதாக்க முடியாது. காகிதத்தோடு நெகட்டிவை ஒட்டிவைத்து வெயில் காட்டுவதுதான் வழி.

மரச் சட்டத்தில் வைத்து மாடியில் சாய்த்தோம். ஐந்தாவது நிமிடத்தில் ஓரம் ஊதாவானது, பிறகு சாக்லேட் பழுப்பு. சட்டத்தின் பின்பக்கம் பாதியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம், மறுபாதி நகராமல் பிடித்துக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டியதைவிட ஒரு மடங்கு கூடுதலாகக் கறுக்க விட வேண்டும், ஏனென்றால் ஹைப்போவில் படம் கொஞ்சம் வெளுக்கும். நான் எடுத்துவிடப் போனேன். "இரு தம்பி," என்றார் அப்பா. மேலும் மூன்று நிமிடம் வைத்தார்.

முதலில் தண்ணீர். மிச்சமிருந்த சில்வர் நைட்ரேட் பாலாகக் கரைந்தது. பால் நிற்கும் வரை தண்ணீரை மாற்றினோம். அப்புறம் ஹைப்போ, இரண்டு தட்டுகளில், ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம். ஊதாப் பழுப்பு சட்டென்று செங்கல் நிறமாக வெளிறியபோது எனக்குப் பக்கென்றது. காய்ந்தால் மறுபடி ஆழமாகும் என்று அப்பா கண்டுகொள்ளவே இல்லை. மணி பார்க்காமல், தட்டின் ஒரு முனையை மெல்லத் தூக்கித் தாழ்த்தி ஆட்டிக்கொண்டே இருந்தார். கடையை மூடிப் பல வருடம் ஆகியும் அந்தக் கை மறக்கவில்லை. "ஹைப்போல அவசரப்பட்டா மஞ்சளாயிடும். கழுவுறதுல அவசரப்பட்டாலும் மஞ்சளாயிடும். கல்யாண ஆல்பம் மஞ்சளாச்சுன்னா அஞ்சு வருஷம் கழிச்சு வந்து சண்டை போடுவாங்க."

தண்ணீரில் மிதந்த சின்னச் சதுரத்தைக் குனிந்து பார்த்தோம். ஸ்டூடியோ படத்தின் பளபளப்பு இல்லை. உப்புக் காகிதத்தில் படம் மேற்பரப்பில் இல்லாமல் காகித நாரிலேயே ஊறியிருக்கும், அதனால் ஒரு மென்மை. திண்ணைத் தூண், பின்னால் கதவின் குமிழ், அப்பாயியின் மடியில் வெற்றிலைப் பெட்டி. "அம்மா மூக்குத்தி தெரியுதுடா," என்றார் அப்பா.

ஒரு மணி நேரம் தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினோம். பயன்படுத்திய ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து வைத்தோம். அதில் வெள்ளி இருக்கிறது, தனியாக ஒப்படைக்க வேண்டிய கழிவு அது. இருட்டுவதற்குள் நீல அச்சுகளையும் அப்பாயியையும் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு நான் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் காலை நண்பன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். நீல அச்சு காய்ந்த பிறகும் காற்றில் ஒரு நாள் வரை ஆழமாகிக்கொண்டே போகும். முருங்கை ஈர்க்கு முந்தின மாலை பார்த்ததைவிட நல்ல கருநீலத்தில் நின்றது. கீழே ஒரு வரி: அப்பா விடிகாலையிலேயே இரண்டாவது டின் பெட்டியைத் திறந்துவிட்டார், இன்னும் 5 கிராம் வாங்கி வரச் சொல்கிறார்.